சிறு பொற்காசும் அதன் மறுவிலையும்

(எரியோட்டில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் பொன்னைப் பற்றிப் பேச எழுந்தது கண்டு சிலர் புன்முறுவல் செய்வதை அறிவோம். புலவர்க்கும் பொன்னுக்கும் பண்டுதொட்டே அத்துணை நெருங்கிய உறவில்லை. எனினும், சங்கச் செயலாளரவர்கள் சென்ற மாதம் எம்மிடம் வந்து, நம்மவர் வீடுகளிற் பலவற்றில் இப்போது நகைக்கு மாறாகச் சிறு பொற்காசுகளை வாங்கிச் சேர்க்கும் வழக்கம் பெருகி வருகின்றதென்றும், பின்னர் அவற்றை விற்கச் செல்வோர் மனக்குறையோடு திரும்புகின்றனரென்றும் கூறி, இப்பொருளையே இம்மாதம் பேசவேண்டுமெனக் கேட்டுக்கொண்டார்கள். கணக்கும் வரலாறும் கலந்த பொருளாதலால், யாமும் இசைந்தோம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம்; அஃது எம் தொழில். நாம் நாள்தோறும் 'பவுன்' என்கிறோம். திண்டுக்கல் கடைவீதியில் 'சவரன்' என்றும் எழுதி வைத்திருக்கின்றனர். இவ்விரண்டும் தமிழ்ச் சொற்களல்ல. பவுன் என்பது ஆங்கில நாட்டுப் பணத்தின் பெயர். சவரன் என்பது 1817-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டார் அடித்துவந்த பொற்காசின் பெயர். அக்காசின் நிறை 7.988 கிராம், மாற்று 22 காரட்டு, அதனுள் அடங்கிய தூய பொன் 7.322 கிராம். இக்காசு நம் நாட்டில் 1899-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றுக்குப் பதினைந்து ரூபாயாகச் செல்லத்தக்க நாணயமாக இருந்தது. முதல் உலகப் போரின்போது, 1918-ஆம் ஆண்டில், பம்பாய்த் தங்கசாலையிலேயே இதனை அடித்தனர். 1927-ஆம் ஆண்டில் செல்லும் நாணயம் என்னும் நிலை அதற்கு நீக்கப்பட்டது. காசு போயிற்று, பெயர் நம்மிடம் நின்றுவிட்டது. இன்று நாம் ஒரு பவுன் என்பது 8 கிராம் 22 காரட்டுப் பொன். அதில் அடங்கிய தூய பொன்னைக் கணக்கிட்டால் 7.33 கிராம் அளவு வரும். ஆங்கிலக் காசுக்கும் நம் பவுனுக்கும் வேற்றுமை ஒரு குன்றிமணியிற் சிறு பின்னமே என்பதை இளைஞர் கவனிக்க வேண்டும்.

அக்காலத்துச் சவரனுக்கு இருந்த பெருமை யாது? அதனை எவர் எவ்விடத்துக் கொடுத்தாலும், வாங்குவோன் உரைகல்லைத் தேட வேண்டுவதில்லை. நிறையும் மாற்றும் முன்னமே அறியப்பட்டவை. அதன் பின்னே ஓர் அரசு நின்றது. 1931-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆங்கில அரசு தன் பணத்தைப் பொன்னிலிருந்து விலக்கிக்கொண்டபோது, பொன்விலை ரூபாய்க் கணக்கில் ஏறிற்று. விளைபொருள் விலையோ முன்னமே வீழ்ந்து கிடந்தது. வரி கட்டவும் வட்டி கட்டவும் வழியின்றிக் குடியானவர் தம் வீட்டுப் பொன்னை விற்றனர். அவ்வாண்டு முதற்கொண்டு சில ஆண்டுகள் நம் நாட்டுப் பொன் கப்பல் கப்பலாக வெளியேறியது வரலாறு கண்ட செய்தி. 'இடர்ப்பொன்' என்றே பொருள்நூலார் அதற்குப் பெயரிட்டனர். பொன்னை வாங்குவது விரும்பிய நாளில். விற்பதோ இடர்வந்த நாளில். இவ்வேற்றுமையை நினைவில் நிறுத்திக்கொண்டு மேலே கேட்க.

இனி இன்னும் பின்னோக்கிச் செல்வோம். 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு புதையல் கிடைத்தது. ரோமாபுரிப் பேரரசர்களின் தலை பொறித்த பொற்காசுகள் 501 அதில் இருந்தன. அவற்றுட் பெரும்பாலனவற்றில் ஒரு வியப்பு உண்டு. அரசனது முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! யாது காரணம்? இக்காசு இனி நாணயமாகச் செல்லாது, நிறுத்து வாங்கும் பொன்னாகவே கொள்ளப்படும் என்பதற்கு அடையாளமாக வெட்டினர் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ரோமாபுரியில் அம்முகத்துக்கு ஆணை உண்டு. புதுக்கோட்டையில் அம்முகம் வெறும் முகம். பொன் மட்டுமே பொருள்.

நம் நாட்டரசரும் இதனை நன்கறிந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அளித்த பொற்கலங்களையும் அணிகளையும் பற்றிய கல்வெட்டுக்களில், இன்ன கலம் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்து இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றி என்று பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கொடுத்தவன் பேரரசன், கொண்டவர் இறைவர். அவ்விடத்தும் நிறைகல்லின் பெயர் எழுதாமல் விடவில்லை. அரசன் கொடுத்த பொன்னுக்கே அத்துணைக் கண்டிப்பு!

இத்துணையும் கூறியது பழம்பெருமை பேசுதற்கன்று. இன்று நம் தாய்மார் முடிச்சிலும் பெட்டகத்திலும் வைத்திருக்கும் சிறு காசு யாருடைய காசு என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் திருமகள் உருவம். மறு பக்கம் ஒரு கடையின் பெயர். அஃது அரசு அடித்த நாணயமன்று. கடை அடித்த வில்லை. அதன் முத்திரை அக்கடையின் வாயிற்படி வரையில் செல்லும். வேறொரு கடைக்குள் நுழைந்தவுடன், புதுக்கோட்டையில் ரோமாபுரியரசன் முகத்துக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்கின்றது. அங்கே உளியால் வெட்டுவதில்லை. உறையைப் பிரித்து, எந்திரத்தில் வைத்துப் பார்த்து, ஐயமிருப்பின் உருக்கிப் பார்த்து, நூற்றுக்கு இவ்வளவென்று கழித்துக்கொள்கின்றனர். ஆதலால், மறுவிலையைக் கருதிக் காசு வாங்குவோர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, 'இன்று கிராம் என்ன விலை?' என்பதன்று, 'இம்முத்திரை எவ்வளவு தொலைவு செல்லும்?' என்பதே.

இவ்வழக்கம் மிகப் பழைமையானதென்று எண்ணுவாரும் உளர். அன்று. 1963-ஆம் ஆண்டு சனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யலாகாதென்று விதித்தனர். பொற்கொல்லர் குடும்பங்கள் பல பிழைப்பிழந்து பட்ட துயரம் முதியோர்க்கு நினைவிருக்கும். பின்னர் 1968-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. கட்டியாகவும் பாளமாகவும் பொன்னைக் குடிகள் வைத்திருத்தல் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. 1990-ஆம் ஆண்டில் அஃது நீக்கப்பட்ட பின்னரே, கடைகள் சிறு சிறு வில்லைகளை அடித்து விற்பதும் பாங்கிகள் காசு விற்பதும் தழைத்தன. அட்சய திருதியையன்று குன்றிமணியளவு பொன்னேனும் வாங்கவேண்டும் என்பதும் நம் பாட்டியார் காலத்தில் இவ்வூர்ப் பக்கத்தில் கேட்டறியாதது. அந்நாள் கொடைக்குரிய நாளாகவே போற்றப்பட்டு வந்தது. கொள்முதலுக்குரிய நாளாக்கியவர் யாரென்பதை விளம்பரத் தாள்களைப் பார்த்தே அறியலாம். அது நிற்க.

இனிக் கணக்குக்கு வருவோம். தூய பொன் கிராம் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். விலை நாளுக்கு நாள் மாறும். கணக்கின் போக்கு மாறாது. ஒருவர் 8 கிராம் காசு ஒன்று வாங்குகிறார். மற்றொருவர் ஒரு கிராம் காசுகள் எட்டு வாங்குகிறார். காசு சிறுத்தால் அடிகூலியும் உறைச் செலவும் கிராமுக்கு மிகுதல் இயல்பு. பெரிய காசுக்கு நூற்றுக்கு 3, சிறிய காசுக்கு நூற்றுக்கு 8 என்று கொள்வோம். முதலாமவர்க்குப் பொன்விலை 80,000, கூலி 2,400, ஆக 82,400. இதன்மேல் 2017-ஆம் ஆண்டு சூலை முதல் வந்த சரக்கு சேவை வரி நூற்றுக்கு 3, அது 2,472. கொடுத்த தொகை 84,872 ரூபாய். இரண்டாமவர்க்குப் பொன்விலை 80,000, கூலி 6,400, ஆக 86,400, வரி 2,592, கொடுத்தது 88,992 ரூபாய். பொன் ஒன்றே, வேற்றுமை 4,120 ரூபாய்.

மறுநாளே இருவரும் விற்கச் செல்வதாகக் கொள்வோம். கடைக்காரர் நூற்றுக்கு 2 கழிக்கின்றார். இருவர்க்கும் கிடைப்பது 78,400. கொடுத்த கூலி திரும்பாது. கட்டிய வரியும் திரும்பாது. கைமுதல் கைக்கு வருதற்கு, முதலாமவர் பொன்விலை நூற்றுக்கு எட்டேகால் அளவு ஏறுமட்டும் காத்திருத்தல் வேண்டும். இரண்டாமவர் பதின்மூன்றரை ஏறுமட்டும். இதே பொன்னை நூற்றுக்கு 15 சேதாரமும் செய்கூலியும் கொடுத்து நகையாக வாங்கியவர் 94,760 கொடுத்திருப்பார். அவர் நூற்றுக்கு இருபத்தொன்று அளவு ஏறக் காத்திருத்தல் வேண்டும். அவர் நட்டப்பட்டார் என்று யாம் சொல்லவில்லை, அணிந்து மகிழ்ந்தார், அதற்கு விலை கொடுத்தார். காசு வாங்கியவரோ அணியவும் இல்லை. ஆகலின், காசில் கூலி மிகக் கொடுப்பது எவ்வாற்றானும் பொருந்தாது. விற்றற்கென்றே வாங்குவதாயின், கையில் காசு சேருமட்டும் பொறுத்திருந்து 4 கிராமாகவோ 8 கிராமாகவோ வாங்குவதே முறை. அரைக் கிராம், கால் கிராம் என்று விற்பனவற்றை, குழந்தைக்குப் பரிசளிக்க வேண்டுமாயின் வாங்குக. முதலீடென்று பெயரிட வேண்டா.

'மாதம் ஒரு கிராமுக்குத்தானே பணம் சேருகிறது. எட்டு மாதம் கையில் வைத்திருந்தால் செலவழிந்து விடுமே' என்று இங்கே ஒரு தாயார் சொல்லுவது செவியில் விழுகின்றது. அது மெய்யான தடை. அஞ்சலகத் தொடர்வைப்பிலே பணமாக இட்டுச் சேர்த்து, முதிர்ந்தபின் ஒரு முறையாக வாங்கலாம் என்பது எம் எண்ணம். கடைகளில் நடைபெறும் பதினொரு மாத நகைச் சீட்டு உங்களுக்குத் தெரியும். அது பன்னிரண்டு மாதமாகாமல் பதினொன்றில் நிற்பதன் காரணத்தைப் பலர் அறியார். 2014-ஆம் ஆண்டின் கம்பெனி விதிகள், முன்பணமாக வாங்கிய தொகைக்கு 365 நாட்களுக்குள் பொருள் கொடாவிடில் அதனை வைப்புத்தொகையாகக் கருதும். அதனால்தான் அந்த எல்லை. சீட்டு முடிவில் பெரும்பாலும் நகையே கொடுப்பர். காசு கேட்டால் சலுகை குறையும், அல்லது இல்லை என்பர். சேருமுன்னே இதனை எழுத்தில் கேட்டறிக.

யாம் நேரில் அறிந்த ஒரு செய்தியைச் சொல்லுவோம். நம் உறவின்முறையைச் சேர்ந்த தாயார் ஒருவர் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையொன்றில் வேலை செய்பவர். ஒன்பது ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஒவ்வொரு கிராமாகப் பதினெட்டுக் காசு சேர்த்து வைத்திருந்தார். மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது; கட்டணம் கட்டுதற்கு நான்கு நாளே தவணை. காசுகளை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றார். பதினொன்று அக்கடையிலேயே வாங்கியவை, ஏழு வேறிடத்தவை. தம்முடைய பதினொன்றையும், நகையாக மாற்றிக்கொண்டால் அன்றைய விலைக்கே ஏற்பதாகவும், ரொக்கமாயின் நூற்றுக்கு மூன்று கழிப்பதாகவும் கடைக்காரர் கூறினார். ஏனைய ஏழையும் எந்திரத்தில் வைத்துப் பார்த்ததில், ஐந்து 916 மாற்று. இரண்டு மட்டுமே 999. அவ்வம்மையாரோ எல்லாம் ஒன்றே என்று எண்ணி இருபத்துநான்கு காரட்டு விலையில் கணக்கிட்டு வந்திருந்தார். உறை பிரிந்தவற்றுக்கு ரசீதும் இல்லை. உருக்கித்தான் வாங்குவோம் என்றனர். முடிவில், எதிர்பார்த்த தொகையில் ஒரு பருவக் கட்டணத்திற் பாதி குறைந்தது. அதனை உறவினரிடம் கடன் வாங்கி ஈடுசெய்தார்.

கடைக்காரர் வஞ்சித்தார் என்று யாம் கூறமாட்டோம். அவர் சொன்ன ஒவ்வொன்றும் வணிக வழக்கே. ஒன்பது ஆண்டுகளில் பதினெட்டு முறை அவ்வம்மையார் கடைப்படி ஏறினார். ஒரு முறையேனும், 'இதை நீங்களே திரும்ப வாங்குவீர்களா? ரொக்கமாக என்றால் என்ன கழிப்பீர்கள்?' என்று கேட்கும்படி அவர்க்குச் சொல்லிக்கொடுத்தார் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் யார்? நம்முடைய சங்கம் போன்றவை அல்லவா?

மாற்றைப் பற்றி ஈண்டுச் சிறிது விரித்துரைப்போம். ஏமாற்றம் பிறக்குமிடம் இதுவே. காசின்மேல் 999 என்றிருந்தால் ஆயிரம் பங்கில் 999 பங்கு பொன். 995 என்றால் அவ்வளவு. 916 என்றால் 22 காரட்டு. எட்டுக் கிராம் காசு 999 மாற்றாயின் உள்ளே 7.992 கிராம் பொன் உண்டு. 916 ஆயின் 7.328 கிராமே. இரண்டையும் 'ஒரு பவுன் காசு' என்றே சொல்லுகிறோம்! நாம் முன் கொண்ட விலைப்படி இரண்டுக்குமுள்ள வேற்றுமை 6,640 ரூபாய். வாங்கும்போது குறைந்த விலைக்கு வாங்கியிருப்பின் நட்டமில்லை. ஆனால் வாங்கியவர் வேறு, விற்கப்போகிறவர் வேறு. பாட்டி வாங்கியதைப் பேரன் விற்பான். ஆகவே ஒவ்வொரு காசையும் அதன் ரசீதோடு ஒரு சிறு உறையிலிட்டு, நாள், நிறை, மாற்று, கடை இவற்றை உறையின்மேல் எழுதி வைத்தல் வேண்டும். நகையாகவே செய்யக் கருதுவோர்க்கு 916 காசு ஏற்றது. நகைக்கு அந்த மாற்றே வேண்டும். விற்கவே கருதுவோர்க்கு 999 நன்று.

நகைகளுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, 2021-ஆம் ஆண்டு சூன் 16 முதல் கட்டாயமாயிற்று. ஆறெழுத்து அடையாள எண்ணில்லாத நகையை விற்கலாகாதென்பது 2023 ஏப்ரல் முதல் வந்தது. இதனைக் கேள்வியுற்றோர், காசுக்கும் அவ்வாறே என்று கருதிவிடுகின்றனர். அக்கட்டாய ஆணை கட்டியையும் காசையும் விலக்கியே இயற்றப்பட்டது. தர நிறுவனத்தின் உரிமம் பெற்ற சுத்திகரிப்பு ஆலைகளும் தங்கசாலைகளும் தம் காசுக்கு முத்திரையிடுகின்றன; அத்தகையதைக் கேட்டு வாங்கலாம். முத்திரையும் எண்ணும் பொறித்த அட்டையுறையில் அடைத்துக் கொடுக்கும் காசாயின், அவ்வுறையைக் கிழித்தலாகாது. பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவர், உறையோடே காட்டுக. பூசையில் வைத்து மஞ்சளும் குங்குமமும் இட விரும்புவோர் உறையின்மேலேயே இட்டுக்கொள்ளலாம்; திருமகள் அதற்காகச் சினங்கொள்ளாள்.

பாங்கியில் வாங்கினால் ஐயமில்லையே என்பாரும் உளர். மாற்றில் ஐயமில்லை, மறுவிலையில்தான் தடை. பாங்கி காசை விற்கும், திரும்ப வாங்காது. ரிசர்வ் பாங்கி அதற்கு இசைவளிக்கவில்லை. விலையும் கடைவீதியைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கும். பின்னர் அதனையும் கடைக்கே கொண்டுசென்று, பிற இடத்துக் காசாக விற்க நேரும். 2015-ஆம் ஆண்டு நவம்பர் 5-இல் மத்திய அரசு 'இந்தியத் தங்க நாணயம்' ஒன்றை வெளியிட்டது. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறு பக்கம் காந்தியடிகள் திருவுருவம், மாற்று 999. 5 கிராம், 10 கிராம் காசுகளும் 20 கிராம் கட்டியும் வந்தன. விற்ற அரசு நிறுவனமே திரும்ப வாங்கும் என்று அப்போது அறிவித்தனர். சவரனுக்குப் பின், முத்திரை நாடெங்கும் செல்லவேண்டும் என்னும் கருத்தோடு வெளிவந்த காசு அதுவே என்று யாம் மதிக்கின்றோம். ஆனால் நம் சிற்றூர்ப் பக்கத்தார் கையில் அதனைக் கண்டது அரிது. வாங்குமிடம் கைக்கெட்டாத காசுக்கு விற்குமிடமும் கைக்கெட்டாது.

அடுத்து, உழுதுண்பார்க்குரிய ஒரு செய்தி. நம்மவர் பொன்னை விற்பதினும் அடகு வைப்பதே மிகுதி. விதைக்கும் உரத்துக்கும் கிணறு தூர்வாரவும், கூட்டுறவுச் சங்கத்திலோ பாங்கியிலோ நகையை வைத்துக் கடன் பெற்று, விளைச்சல் வந்ததும் மீட்கின்றோம். இவ்வழிக்குக் காசு நகைபோல் உதவுவதன்று. கட்டித் தங்கத்தின்மேற் கடன் கொடுத்தலாகாது என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. 2025-ஆம் ஆண்டு சூனில் வெளியான நெறிமுறைப்படி, ஒருவர் ஈடு வைக்கத்தக்க நகை ஒரு கிலோ வரையில். காசாயின் 50 கிராம் வரையில் மட்டுமே. வரம்புக்குள் இருப்பினும், கடை அடித்த வில்லைகளை ஈடாகக் கொள்ள மறுக்கும் இடங்கள் பல. ஆதலால், ஆண்டுதோறும் அடகுக்கு எடுப்பதற்கென்று பொன் வைத்திருப்போர், கல்லிழைக்காத எளிய வளையல், சங்கிலி முதலியவற்றையே வைத்துக்கொள்க. அதற்கு அப்பாற்பட்ட சேமிப்பையே காசாக்குக. நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் நம் இளைஞர், 'நகை வாங்குவது மூடத்தனம். காசே அறிவுடைமை' என்று தாய் தந்தையரை இடித்துரைக்கும்போது, புன்செய் வெள்ளாமையின் கணக்கை மறந்து பேசுகின்றனர்.

மற்றொன்றும் உண்டு, இதனைத் தாய்மார் செவிகொடுத்துக் கேட்க. கழுத்தில் கிடக்கும் சங்கிலி யாருடையது என்று ஊரறியும். பெட்டகத்தில் கிடக்கும் காசு யாருடையது? ரசீதில் எவர் பெயரோ அவருடையது. பெண்ணுக்கென்று வாங்கிய பொன் சீதனமென்று சட்டத்தில் அவளுக்கே உரியது. எனினும், காசாகிய பின் அது குடும்பப் பணத்தோடு கலந்து, நிலம் வாங்கவும் வண்டி வாங்கவும் அவளைக் கேளாமலே எடுக்கப்படுவதை யாம் ஒன்றிரண்டு வீடுகளில் கண்டதுண்டு. நகையைக் கழற்றித் தரச்சொல்லும்போது கேட்கவேனும் வேண்டியிருக்கிறது! ஆகவே, மகளுக்கென்று வாங்கும் காசின் ரசீது மகள் பெயரிலும், மனைவி தன் ஊதியத்தில் வாங்குவது மனைவி பெயரிலும் இருத்தல் வேண்டும்.

ரசீது வேண்டுமென்பதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரையில் சோதனையின்போது கைப்பற்றுவதில்லை என்னும் 1994-ஆம் ஆண்டு அறிவுறுத்தலைப் பலர் அறிவர். அது நகைக்கும் அணிக்கும் சொல்லப்பட்டது; காசுக்கன்று. விற்றபின் கிடைக்கும் இலாபத்துக்கும் வரியுண்டு. 2024 சூலை 23-க்குப் பின் விற்பனவற்றுள், இருபத்துநான்கு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தவற்றின் இலாபத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. வாங்கிய விலைக்குச் சான்று இல்லையேல் இலாபம் எவ்வளவென்று எவ்வாறு காட்டுவது? பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தொகையைக் கடைக்காரர் ரொக்கமாகத் தரத் தயங்குவர். அத்தகைய ரொக்கச் செலவை வருமானவரிச் சட்டம் அவர்க்கு ஒப்புவதில்லை. பாங்கிக் கணக்கிலேயே செலுத்துவர். 'நாளை காலை கட்டணம்' என்னும் அவசரத்தோடு மாலையில் கடைக்குப் போகின்றவர் இதனையும் எண்ணிச் செல்க.

காகிதப் பொன்னைப் பற்றி இளைஞர் கேட்பர்; விரைந்து கூறி அமைகின்றோம். 2015 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட முதல் தங்கப் பத்திரம் கிராம் 2,684 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டு, எட்டாண்டு கழித்து 2023 நவம்பரில் 6,132 ரூபாய்க்கு மீட்கப்பட்டது; இடையில் வட்டியும் கிடைத்தது. கூலியுமில்லை, சேதாரமுமில்லை. விற்கவே கருதுவார்க்கு அதனினும் சிறந்த பொன் வந்ததில்லை. 2024 பிப்ரவரிக்குப் பின் புதிய வெளியீடு இல்லை. பழைய பத்திரங்களைப் பங்குச் சந்தையில் வாங்கலாம். அதற்குரிய கணக்கும் பழக்கமும் உள்ளவர்க்கே அது ஆகும்.

இனி நம் சங்கத்தார் செய்யத்தக்கதொன்று. திருமணங்களிலும் காதணி விழாக்களிலும் நெருங்கிய உறவினர் ஒவ்வொருவரும் ஒரு கிராம், அரைக் கிராம் காசு மொய்யாக அளிக்கும் வழக்கம் இப்பக்கத்தில் வேரூன்றி வருகின்றது. பத்துப் பேர் பத்துக் கடையில் வாங்கிய பத்துக் காசு; பத்து முத்திரை; இரண்டு மூன்று மாற்று; ரசீது ஒன்றும் இல்லை, ஏனெனில் மொய்யோடு ரசீது கொடுப்பது இங்கிதமன்று என்று நினைக்கின்றோம். மணமக்கள் கைக்கு வருமுன்னரே அப்பொன்னில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கரைந்துவிடுகின்றது. மாமன்மாரும் சிற்றப்பன்மாரும் தமக்குள் பேசித் தொகையை ஒன்றுசேர்த்து, திரும்ப வாங்கும் விதத்தை ரசீதிலேயே எழுதித்தரும் கடையொன்றில், 8 கிராம் 999 காசாக மணப்பெண் பெயரில் வாங்கி, ரசீதையும் அவ்வுறையிலேயே வைத்துக் கொடுக்கலாம். யார் யார் எவ்வளவு என்பதை மொய்ப் புத்தகத்தில் வழக்கம்போல் எழுதிக்கொள்ளலாம். திருப்பிச் செய்யும் முறைக்கு இடையூறில்லை.

பழைய ஆங்கிலச் சவரன் வைத்திருப்போர் சிலர் எம்மைத் தனியே கேட்டனர். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசாயின், அதனைப் பொன்னாகவே நிறுப்பர். பற்றுக்காகச் சிறிது கழிப்பர். வளையம் வையாமல் தேயாதிருப்பதாயின், அதன் ஆண்டையும் தங்கசாலைக் குறியையும் பார்த்தறியாமல் உருக்குலைக்குக் கொடுத்துவிட வேண்டா. பழங்காசு சேர்ப்போர் அதற்குப் பொன்விலைக்கு மேலும் கொடுப்பர். ஆண்டெண் புலப்படாதவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு சங்கக் கட்டிடத்தில் இருப்போம், கொண்டுவந்து காட்டலாம்.